பைக்குப் பல் உண்டா?

பாரிஸ் நகரத்தில் 1854-ஆம் ஆண்டு லூயி வுய்ட்டன் என்பவர் ஒரு பெட்டிக் கடை வைத்தார். வெற்றிலை பாக்கு விற்கும் பெட்டிக் கடை அன்று, மெய்யாகவே பிரயாணப் பெட்டிகளைச் செய்து விற்கும் கடை. அவருடைய பெட்டிகளின் மேலுறையைப் பார்த்துப் பிறரும் அவ்வண்ணமே செய்து விற்கத் தலைப்பட்டமையால், 1888-இல் கட்டம் கட்டமாக ஒரு துணியைப் போர்த்திப் பார்த்தார்கள். அதையும் பிரதி செய்தார்கள். கடைசியில், தகப்பனார் காலமான பிற்பாடு, குமாரர் ஜார்ஜ் வுய்ட்டன் 1896-இல் இரண்டு எழுத்துகளை ஒன்றோடொன்று பின்னி, நடுநடுவே பூக்களைத் தூவி, 'இனி எவன் காப்பியடிக்கிறான் பார்க்கலாம்' என்கிற தைரியத்தோடு ஒரு சின்னத்தை வெளியிட்டார். போலியை ஒழிப்பதற்கென்றே அவதாரம் செய்த அந்தச் சின்னம், இன்றைக்குப் பூமண்டலத்தில் மிகுதியாகப் போலி செய்யப்படும் சின்னங்களில் ஒன்றாக விளங்குவதையும், திண்டுக்கல் நடைபாதையில் விற்கிற 200 ரூபாய்ப் பர்ஸில்கூட அது பூத்துக் குலுங்குவதையும், அந்தப் புண்ணியவான் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தால் என்ன நினைப்பார் என்று ஊகிக்க எனக்குத் துணிவில்லை.

இந்தச் சரித்திர ஞானமெல்லாம் எனக்கு உண்டானது என் தங்கை மகளால். பெங்களூரில் கணினி உத்தியோகம் பார்க்கும் அவள், விடுமுறைக்கு வேடசந்தூர் வந்த இடத்தில், அந்தச் சின்னம் போட்ட ஒரு பையின் படத்தைச் செல்போனில் என் மூக்குக்கு நேரே நீட்டி, "மாமா, புதுசு லட்ச ரூபாய்க்கு மேல. இது யாரோ வச்சிருந்தது, 30,000 தான் சொல்றாங்க. ஒரிஜினலான்னு பாத்துச் சொல்லுங்க" என்றாள். ஒரு பையைப் பார்த்த மாத்திரத்தில் அதன் யோக்கியதையைச் சொல்லும் வித்தை எனக்குக் கைவந்தது என்று அவள் நம்பியதற்குக் காரணம், வாலிபத்தில் நான் திண்டுக்கல்லில் ஒரு தோல் ஷாப்பில் கணக்கு எழுதியதுதான். (அந்தத் தோல் ஷாப்புத் தொழிலாளிகள் பட்ட பாட்டை டி. செல்வராஜ் 'தோல்' என்ற நாவலாக எழுதி, 2012-இல் சாகித்ய அகாதமி பரிசு பெற்றார். கணக்கு எழுதியவர்களைப் பற்றி யாரும் நாவல் எழுதவில்லை. எழுதும்படியாக நாங்கள் ஒன்றும் அனுபவித்ததுமில்லை.)

வீட்டில் உள்ளவர்கள் அனைவரும் அந்தப் படத்தைப் பரிசோதித்தார்கள். என் தங்கை அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஏண்டி, இது ரெக்ஸின்ல்ல?" என்றாள். மகள் அடிபட்டவள் போல, "அம்மா, அது கேன்வாஸ்" என்றாள். தாயின் வாக்கில் பெரும்பங்கு நியாயம் இருந்தது என்பதை மத்தியஸ்தன் என்ற முறையில் நான் ஒப்புக்கொண்டாக வேண்டும். ஏனெனில், உலகப் பிரசித்தி பெற்ற அந்தப் பையின் உடம்பு பருத்தித் துணிமேல் பிளாஸ்டிக் பூசியது. தோல் என்பது கைப்பிடியிலும் விளிம்புகளிலும்தான். நூற்பாலைகளுக்கு நடுவே வாழ்கிற நமக்குப் பருத்தித் துணிக்கு லட்ச ரூபாய் என்பது சீரணிக்கச் சற்றுக் கடினமான சங்கதி.

என் தங்கையின் கணவர் வியாழக்கிழமை தோறும் அய்யலூர்ச் சந்தைக்குப் போய் ஆடு பிடிக்கிறவர். தரகர் எத்தனை சத்தியம் செய்தாலும், வாயைத் திறந்து இரண்டு பல்லா நாலு பல்லா என்று தாமே எண்ணிப் பார்க்காமல் மடியை அவிழ்த்தவர் அல்லர். அவர் படத்தை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்துவிட்டு, மிகுந்த சிரத்தையோடு, "பல்லைப் பாக்காம பணத்தக் குடுக்கலாமா? இந்தப் பைக்குப் பல்லு எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார். அவரைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சபையில் கேட்கப்பட்ட கேள்விகளுக்குள் அது ஒன்றுதான் புத்திசாலித்தனமானது என்பது பின்னால் தெரியவந்தது.

எனக்குத் தெரிந்த வித்தையை நான் முதலில் காட்டினேன். அந்தப் பையின் கைப்பிடி, சாயம் ஏற்றாத, மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட மாட்டுத்தோல். புதிதில் வெளிறிய சந்தன நிறமாக இருந்து, வெயிலும் கையின் வியர்வையும் பட்டுப் பட்டுத் தேன் நிறமாகும். இது எங்களுக்குப் புதிதல்ல. திண்டுக்கல்லில் ஆவாரம் பட்டை போட்டுப் பதனிட்ட காலத்தில், அந்தத் தோல் வெளிச்சம் பட்டால் சிவந்துவிடும் என்பதால்தான் கடைசியில் கடுக்காய் நீரில் ஒரு முறை ஊறவைப்பார்கள். ஆகவே, '2002-இல் வாங்கியது, தினசரி உபயோகித்தது' என்று விற்பவர் வர்ணித்த பையின் கைப்பிடி, பிறந்து பத்து நாள் ஆன சிசுவைப் போல வெளுத்திருந்தது எனக்குச் சம்சயத்தை உண்டாக்கிற்று. கேட்டதற்கு, "மேடம் ரொம்பப் பத்திரமா வச்சிருந்தாங்க" என்று பதில் வந்தது. தினசரி உபயோகித்துக்கொண்டே வெயிலில் படாமல் வைத்திருக்க வேண்டுமானால், அந்த அம்மாள் இரவில் மட்டும் நடமாடுகிறவராக இருந்திருக்க வேண்டும்.

என் மருமகளோ வேறொரு குற்றத்தைக் கண்டுபிடித்திருந்தாள். "பின்பக்கம் எழுத்தெல்லாம் தலைகீழா இருக்கு மாமா, கண்டிப்பா டூப்ளிகேட்" என்றாள். விசேஷம் என்னவென்றால், அந்த ஒரு லட்சணம்தான் அசலுக்கு உரியது. 'ஸ்பீடி' என்னும் அந்த ரகப் பையின் உடம்பு, அடியில் தையல் இல்லாமல் ஒரே நீளத் துணியை மடித்துச் செய்வது; ஆகையால் முன்பக்கம் நேராக நிற்கும் எழுத்து, அடியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் ஏறும்போது தலைகீழாக நிற்பது இயற்கை. அசட்டுப் போலிக்காரன் இரண்டு துண்டாக வெட்டி இரு பக்கமும் எழுத்தை நிமிர்த்தி வைத்து அகப்பட்டுக்கொள்வான். நம்முடைய விற்பனையாளர் அந்த அளவுக்கு அசடர் அல்லர் என்பது இதனால் விளங்கியது. போலிகளுக்குள்ளேயே 'ஃபர்ஸ்ட் காப்பி', 'மாஸ்டர் காப்பி', 'செவன் ஏ' என்று மேல் கீழ் வகுத்து வைத்திருக்கிற தேசம் இது; இந்தப் பை சற்று மேல்படியில் ஜனித்தது போலும்.

பையோடு வந்த சிறிய பித்தளைப் பூட்டைப் பார்த்ததும் என் தேசபக்தி தலைதூக்கியது. இதே வுய்ட்டன் குடும்பத்தார் 1886-இல் தங்கள் பெட்டிக்கென்று ஒரு பூட்டை வகுத்து, பூட்டிய பெட்டிக்குள்ளிருந்து தப்புவதில் கைதேர்ந்த ஹூடினிக்கே பத்திரிகை மூலம் சவால் விட்டதாகவும், அவர் அதை ஏற்கவில்லை என்றும் அந்தக் கம்பெனியார் சொல்லிக்கொள்கிறார்கள். ஹூடினி திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டைப் பார்த்திருந்தால் தொழிலையே விட்டிருப்பார் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். நெம்புகோல்களைக் கையால் அராவி, தன் சாவி தவிர வேறொன்றுக்கும் இணங்காதபடி செய்த அந்தப் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும் திண்டுக்கல் பூட்டு என்று சொல்லி விற்கிற பூட்டெல்லாம் திண்டுக்கல்லில் பிறந்ததல்ல. முத்திரை கிடைப்பதற்கும் கள்ளன் திருந்துவதற்கும் சம்பந்தம் ஏதுமில்லை என்பதை ஜார்ஜ் வுய்ட்டன் நமக்கு முன்பே அனுபவித்துவிட்டார்.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டம், 103-ஆம் பிரிவில், பொய்ச் சின்னம் போடுகிறவனுக்கு ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதமும் வைத்திருக்கிறது. ஆளை நேரில் பிடித்தால்தானே! பணத்தை முன்கூட்டி அனுப்பிவிட்டுப் பிறகு தலையில் கை வைக்கிறவர்களுக்காக 1930 என்ற தொலைபேசி எண்ணையும் சர்க்கார் ஏற்படுத்தியிருக்கிறது.

மாப்பிள்ளை விடவில்லை. "பல்லைக் கேளு" என்றார். அப்போதுதான் நாங்கள் தேடிப் படித்து அறிந்தோம்: அந்தப் பைகளுக்கு உண்மையிலேயே பல் உண்டு. 2021-க்கு முந்திய பைகளின் உள்ளே, ஏதோ ஒரு மூலையில், எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறி பொறித்திருப்பார்கள். எழுத்து, தொழிற்சாலையைக் காட்டும். 1990 முதல் 2006 வரை செய்த பைகளில் நான்கு எண்கள் இருக்கும். முதல் எண்ணையும் மூன்றாம் எண்ணையும் சேர்த்தால் மாதம், இரண்டாவதையும் நான்காவதையும் சேர்த்தால் வருஷம். 2021 முதல் குறியை எடுத்துவிட்டுக் கண்ணுக்குத் தெரியாத சில்லு ஒன்றை உள்ளே வைத்துவிட்டார்கள். அதைச் சந்தையில் விரலை விட்டுப் பார்க்க முடியாது. குறி சரியாக இருப்பதனால் மட்டும் பை அசலாகிவிடாது, ஏனெனில் அதையும் பொறிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் குறி பிசகினால் அப்பீலே கிடையாது.

குறியைப் படமெடுத்து அனுப்பும்படி என் மருமகள் எழுதினாள். விற்பவர் சற்றும் தயங்காமல் அனுப்பினார். 1072. வருஷம் 2002, அவர் சொன்னதற்கு அட்சரம் பிசகவில்லை. மாதம் பதினேழு. அதிக மாதம் சேர்த்துக் கணக்கிடும் சாந்திரமானப் பஞ்சாங்கத்தில்கூட வருஷத்துக்குப் பதின்மூன்று மாதத்துக்கு மேல் கிடையாது என்பதை நான் எடுத்துச் சொல்ல, அவள் அதைச் சுருக்கி, "2002-ல் பதினேழாவது மாசம் எது?" என்று மட்டும் அவருக்கு எழுதிக் கேட்டாள்.

ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது. கோபமில்லை, நாணமுமில்லை, வாடிக்கையாளரைத் தெய்வமாகப் பாவிக்கும் பரம்பரை வியாபாரியின் பணிவு அதில் இருந்தது. "சாரி மேடம், பிரிண்டிங் மிஸ்டேக். உங்களுக்கு எந்த மாசம் வேணும்னு சொல்லுங்க, அதையே போட்டு அனுப்பிடறோம்."

"என் பொறந்த மாசத்தச் சொல்லட்டுமா மாமா?" என்றாள் மருமகள்.

மாப்பிள்ளை அதற்குள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். "ரெண்டு பல்லாவே போடச் சொல்லும்மா. இளசா இருக்கட்டும்."