ஆறு மாதம் என்னும் மாமருத்துவர்

காலண்டருக்கு நம் நாட்டில் இன்னும் யாரும் சிலை வைக்காதது பெருங்குறை. முகூர்த்தம் சொல்கிறது, ராகுகாலம் சொல்கிறது, அமாவாசை சொல்கிறது. முழங்காலில் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் செய்துகொண்ட கபடி ஆட்டக்காரனின் தொடைக்கு எந்தத் தேதியில் பலம் வந்து சேரும் என்பதையும் இப்போது அதுவே சொல்லிவிடுகிறது. ஆறு மாதம். இருபது வயது ரைடருக்கும் ஆறு, பைக்கிலிருந்து விழுந்த நாற்பது வயதுக்காரருக்கும் ஆறு. விடிகாலையில் எழுந்து பயிற்சி செய்தவனுக்கும் ஆறு, திண்ணையில் காலை நீட்டி ரீல்ஸ் பார்த்தவனுக்கும் ஆறு. இப்படியொரு சமதர்மத்தை எந்தக் கட்சியும் இதுவரை கொண்டுவந்ததில்லை.

அறுந்த ஜவ்வை, அதாவது முன் சிலுவைத் தசைநாரை, பெரும்பாலும் அப்படியே தைத்து ஒட்டுவதில்லை. பின்தொடையிலிருந்தோ முழங்கால் சில்லுக்குக் கீழிருந்தோ ஒரு நாணை எடுத்து, எலும்பில் துளையிட்டு, அதன் வழியே இழுத்துப் பொருத்துகிறார்கள். ஒன்றிரண்டு மணி நேர வேலை. ஓரிரு நாளில் ஊன்றி நடக்கவும் வைத்துவிடுகிறார்கள். நம் அறுவை மருத்துவர்கள் கைதேர்ந்தவர்கள். இந்த ஒரு வரியை மட்டும் உள்ளர்த்தம் தேடாமல் படிக்கலாம்.

வீட்டுக்கு அனுப்பும்போது கையில் தரும் ஜெராக்ஸ் தாளைத் தனியாகப் பாராட்ட வேண்டும். ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் வரை நீளும் வேலையை ஒரே பக்கத்தில் அடக்கிய சுருக்கம் அது. வள்ளுவருக்குப் பிறகு இப்படி யாரும் எழுதியதில்லை. நகலுக்கு நகல் எடுத்து எடுத்து, படத்திலிருக்கும் ஆளுக்கு ஆபரேஷன் ஆன கால் எது என்பதே மங்கிப்போயிருக்கும். நோயாளி தன் கற்பனையை வளர்த்துக்கொள்ளட்டும் என்ற பெருந்தன்மைதான் காரணம். காப்பீட்டு நிறுவனங்களும் தாராளப் பிரபுக்கள்தான். எலும்பில் முடுக்கும் திருகுக்குப் பணம் தருவார்கள். திருகு முடுக்கிய காலை வேலை செய்ய வைக்கும் பிசியோவுக்குப் பெரும்பாலும் தரமாட்டார்கள். திருகு கண்ணுக்குத் தெரியும், பில் உண்டு. தொடையில் ஊறும் பலத்துக்கு யார் பில் போடுவது?

ஆபரேஷனுக்குப் பின் தொடை காட்டும் அடக்கமும் போற்றத்தக்கது. முட்டிக்குள் நீர் கோத்து வீங்கியிருக்கும்வரை அங்கிருந்து கிளம்பும் நரம்புச் செய்தி, முன்தொடைத் தசையைச் சுருங்கவிடாமல் தடுத்துவிடும். முட்டிக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து, “தம்பி, தொடையை இறுக்குங்க” என்பார் பிசியோ. தம்பி பல்லைக் கடிப்பான், கட்டிலைப் பிடிப்பான். தொடை மட்டும் அசையாது. சோம்பலோ வலிக்குப் பயமோ அல்ல, தசைக்கு உத்தரவே முழுசாகப் போய்ச் சேரவில்லை. முதல் சில வாரங்களில் வீக்கத்தை இறக்கி, காலை நேராக நீட்ட வைத்து, வேண்டுமானால் மின்தூண்டல் கொடுத்தாவது அந்தத் தசையை எழுப்பாவிட்டால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொடை சூம்பிப்போகும். இந்த நேரத்தில்தான் சொந்தபந்தங்கள் வந்து, “காலை அசைக்காதடா சாமி, தையல் விட்டுறப் போவுது” என்று காவல் இருக்கிறார்கள். அவர்களுடைய பாசத்துக்குக் கணக்கே இல்லை. வற்றுகிற சதைக்கும் இல்லை.

ஆட்டுக்கால் சூப்பைச் சொல்லாமல் விட்டால் பாவம் சேரும். ஆட்டின் முட்டி மனிதன் வாய்வழியே இறங்கி, இரைப்பையில் வழி கேட்டுக்கொண்டு, நேராக வலது முழங்காலுக்கே போய் உட்காருகிறது என்பது ஊரறிந்த விஞ்ஞானம். எடையைத் தூக்கினால்தான் தசை வளரும், வாரத்துக்கு வாரம் எடையைக் கூட்டினால்தான் பலம் ஏறும் என்பதெல்லாம் மிளகு போட்டுக் கொதிக்கும் சூப்பின் முன் நிற்குமா?

காலண்டரின் உண்மையான மேதைமை இனிமேல்தான் வருகிறது. பொருத்திய நாண் முதலில் தன் ரத்த ஓட்டத்தை இழந்து நலிகிறது. பிறகு அதற்குள் புது ரத்தநாளங்கள் நுழைந்து, புது நார்கள் முளைத்து, மெல்ல மெல்ல தசைநாராக உருமாறுகிறது. இது முடிய ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். வேடிக்கை என்னவென்றால், இரண்டாம் மூன்றாம் மாதத்தில் வீக்கம் வடிந்து, வலி போய், மாடிப்படி ஏறி, “மாப்ள, கால் பக்காவா இருக்குடா” என்று சொல்லத் தோன்றும் காலமும், உள்ளே அந்த நாண் மிகப் பலவீனமாக இருக்கும் காலமும் ஏறக்குறைய ஒன்றுதான். சரியாக அந்த நேரம் பார்த்துக் கூப்பிட ஆள் வரும்.

அவர் நம் டீம் மேனேஜர். மின்னொளி கபடிப் போட்டிக்கு ஃப்ளெக்ஸ் அடித்து, ஆபரேஷன் ஆனவனின் படத்தை நடுவில் பெரிதாகப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். “தம்பி, ரைடு போக வேணாம். சும்மா ஓரமா நில்லு, எதிர் டீமு பயப்படும்” என்பார். அரையிறுதியில் மூன்று புள்ளி பின்தங்கியதும், “ஒரே ஒரு ரைடு, போனஸ் மட்டும் தொட்டுட்டு வந்துரு” என்பார். கணுக்காலை ஒருவன் பிடிக்க, ஊன்றிய காலின் மேல் உடம்பு திரும்ப, முட்டி தனியாக உள்ளே மடங்குகிறது. இவரைப் போன்ற நம்பிக்கைவாதிகளால்தான் எலும்பு மருத்துவம் இந்த மாநிலத்தில் தழைக்கிறது.

மேனேஜரின் வாதத்துக்கு மேல்நாட்டு ஆதாரமும் உண்டு. கால்பந்து வீரர் ஸ்லாட்டன் இப்ராகிமோவிச் 2017 ஏப்ரலில் முட்டி போய், அதே நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு ஆட வந்துவிட்டார். ஏழு மாதம்தான்! வர்ஜில் வான் டைக் 2020 அக்டோபரில் காயம்பட்டு, அடுத்த கோடையில் நடந்த யூரோ கோப்பைக்கே வர முடியாது என்று ஒதுங்கி, 2021 ஆகஸ்டில்தான் லிவர்பூலுக்காக லீக் ஆட்டத்தில் இறங்கினார். தன் நாட்டுக் கோப்பையைவிடத் தன் தொடையைப் பெரிதாக நினைத்த அந்தக் கோழையைப் பற்றி நம் டீக்கடைகளில் யாரும் பேசுவதில்லை, நியாயம்தான். இப்ராகிமோவிச்சுக்குப் பின்னால் சம்பளத்துக்கு இருந்த மருத்துவர்களையும் பிசியோக்களையும் பற்றியும் பேசுவதில்லை. நம் தம்பிக்குப் பின்னால் ஆட்டுக்கால் சூப் இருக்கிறதே.

குறுக்கே விழுந்து கெடுப்பவர்கள் டெலவேர்–ஆஸ்லோ ஆய்வுக்காரர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு 106 பேரை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2016இல் கணக்கை வெளியிட்டார்கள். ஒன்பதாம் மாதம் வரை களத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுகாயம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. தசைபலச் சோதனை, ஒற்றைக்கால் தாண்டல் எல்லாவற்றிலும் தேறிய பிறகு ஆடப் போனவர்களில் 5.6 சதவீதம் பேருக்கு மீண்டும் முட்டி போனது. தேறாமல் போனவர்களில் 38.2 சதவீதம். இரண்டு காலின் முன்தொடைப் பலமும் எவ்வளவு நெருங்கி இருக்கிறதோ, அவ்வளவுக்கு ஆபத்து குறைவு என்றும் கண்டார்கள். இத்தனை கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்தவர்கள் நம் ஊர்ச் சுவரில் தொங்கும் காலண்டரை ஒருமுறை புரட்டிப் பார்த்திருக்கலாம்.

அளப்பதிலும் இந்தத் துறை ஆய்வுக்காரர்கள் காட்டும் சந்தேகபுத்தி தாங்க முடியாதது. ஆபரேஷன் ஆன காலுக்கு மற்றக் காலின் பலத்தில் 90 சதவீதமாவது வேண்டும் என்பது அவர்கள் வைத்த விதி. பிறகு அவர்களே, “மாதக்கணக்கில் சும்மா இருந்ததில் நல்ல காலும்தானே இளைத்திருக்கும், அதோடு ஒப்பிட்டால் கணக்கு பொய்த்துவிடுமே” என்று தங்கள் விதியையே குறுக்கு விசாரணை செய்கிறார்கள். ஒற்றைக்காலில் தூரம் தாண்டினால் போதாதா என்றால், அதையும் ஏற்கமாட்டார்கள். இடுப்பும் கணுக்காலும் சேர்ந்து உதவினால், முன்தொடை பலவீனமாக இருந்தாலும் அந்தத் தூரத்தைத் தாண்டிவிடலாமாம். உட்கார வைத்து, காலை நீட்டித் தள்ளும் விசையைக் கருவியில் எண்ணாகப் பார்த்தால்தான் நம்புவார்களாம். அந்தக் கருவி இல்லாத ஊரில்கூட ஜிம்மில் இருக்கும் லெக் எக்ஸ்டென்ஷன் எந்திரத்தில், பிசியோ சரி என்ற பிறகு, ஒவ்வொரு காலாகத் தள்ளிப் பார்த்து ஒப்பிடலாம் என்று வேறு சொல்கிறார்கள். தேதி இருக்கும்போது கிலோ எதற்கு?

இருபத்தைந்து வயதுக்குள் ஆபரேஷன் செய்துகொண்டு மறுபடி விளையாடப் போனவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு, அதே முட்டியிலோ மறு முட்டியிலோ இன்னொரு முறை ஜவ்வு கிழிந்திருக்கிறது என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட கணக்கு. இரண்டாம் முறை பொருத்த நாண் போதாமல், நல்ல காலைத் திறந்து எடுப்பதும் உண்டு. அந்த நாளிலும் மேனேஜர் ஆரஞ்சுப் பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வரத் தவறமாட்டார். நன்றி மறந்தவர் என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது.

ஆகவே, ஆபரேஷன் முடிந்து வீட்டில் படுத்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒரு பணிவான வேண்டுகோள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, “எப்ப சார் ஆடலாம்?” என்று மட்டும் கேளுங்கள். “இந்தக் கால் எத்தனை கிலோ தள்ளுது, அந்தக் கால் எத்தனை தள்ளுது, போன மாசத்துக்கு இது எவ்வளவு ஏறியிருக்கு?” என்று கேட்டு அவரைத் தர்மசங்கடப்படுத்தாதீர்கள். பதில் எண்ணாக வந்துவிட்டால், ஃப்ளெக்ஸில் உங்கள் படம் போட்டவருக்கு நீங்கள் “முடியாதுண்ணே” என்று சொல்லவேண்டியிருக்கும்.