தோழர் ஜே.கே.யும் மயிலாப்பூர் மாமிகளும்

கடலூரில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட ஒரு பையன், 1940களில் சென்னைக்கு வந்து கம்யூனிஸ்ட் கட்சியின் கம்யூனில் ஒட்டிக்கொண்டான். பெயர் ஜெயகாந்தன், பின்னாளில் ஜே.கே. அங்கே சோறும் உண்டு, தத்துவமும் உண்டு. எது அரைவேக்காடு என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

1949இல் கட்சிக்குக் கெடுபிடி வந்ததும் பையன் தஞ்சாவூருக்குப் போய்ச் செருப்புக் கடையில் வேலை பார்த்தான். மக்களின் காலடியில் கிடந்து சேவை செய் என்று மேடையில் சொன்னதை இவ்வளவு நேராக எடுத்துக்கொண்ட தோழர் வேறு யாரும் இருக்க முடியாது.

திரும்பி வந்து 'சரஸ்வதி' இதழில் ரிக்‌ஷாக்காரர்களையும் குடிசைவாசிகளையும் எழுதினார். கட்சிக்குப் பெருமை. அடுத்து 'ஆனந்த விகடன்' கூப்பிட்டது. அங்கேதான் வரலாறு வழுக்கியது. மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் டிகிரி காபியோடு பத்திரிகை பிரிக்கும் குடும்பங்கள் இவருக்கு ரசிகர்களாயின. கவிழ்க்க வேண்டிய வர்க்கம் காசு கொடுத்துப் படித்தது.

1966இல் 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதை. மழை, பஸ் ஸ்டாப், கல்லூரிப் பெண், பணக்காரன் கார். நடந்ததைக் கேட்டு முதலில் அடித்து அலறும் அம்மா, அக்கம்பக்கம் எட்டிப்பார்த்ததும் ஏதோ சொல்லிச் சமாளிக்கிறாள். பிறகு மகள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். (தாராளமாகத் தண்ணீர் கிடைத்திருப்பதால், இது சென்னையின் கோடைக்காலக் கதை அல்ல என்று ஆராய்ச்சியாளர்கள் குறித்துக்கொள்ளலாம்.)

ஊர் இரண்டுபட்டது. ஆசாரக்காரர்கள் பெண் கெட்டுவிட்டாள் என்றார்கள். இடதுசாரி விமர்சகர்களுக்கோ எழுத்தாளர் கெட்டுவிட்டாரே என்ற கவலை: வர்க்கப் போராட்டம் எங்கே, குளியலறையிலா? இரு தரப்பும் மோப்பம் பிடித்தது தீட்டைத்தான். ஒருவருக்கு அது உடம்பில், இன்னொருவருக்கு வர்க்கத்தில். அந்த அம்மாவுக்கு இரண்டு பேரைவிடவும் இயங்கியல் தெரிந்திருந்தது.

ஜே.கே. விடவில்லை. சரி, அம்மா தண்ணீர் ஊற்றாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் பாருங்கள் என்று 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலை எழுதினார். 1972இல் சாகித்ய அகாதெமி விருது. இயக்குநர் பீம்சிங் நாவலைப் படமாக்க, அதில் நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது. திட்டியவர்களுக்கு எந்த விருதும் கிடைத்ததாகத் தகவல் இல்லை.

இதற்கெல்லாம் முன்பே அவர் கட்சியை விட்டு, ஈ.வெ.கி. சம்பத் பின்னால் போய், காங்கிரஸ் மேடையில் காமராஜருக்காக முழங்கியாகிவிட்டது. தோழர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஆனாலும் இன்று செவாலியே சிவாஜி கணேசன் சாலையில், நகைக்கடைகளுக்கும் பட்டுக்கடைகளுக்கும் பேர்போன தி.நகரில், மாநிலத் தலைமையகம் வைத்திருக்கும் கட்சிக்கு, நடுத்தர வர்க்கத்தோடு பழகியதற்காக ஒருவரைக் கோபித்துக்கொள்ள உரிமை கொஞ்சம் குறைவுதான்.

சோவியத் யூனியன் மறைந்து இருபது ஆண்டு கழித்து, 2011இல், ரஷ்ய அரசு கே.கே. நகர்க்காரரான ஜெயகாந்தனுக்கு நட்புறவு விருது கொடுத்தது. மாஸ்கோவுக்கு அவர் மேல் மனத்தாங்கல் எதுவும் இல்லை போலும்.

படிக்காதவர்கள் முதலில் சிறுகதையைப் படியுங்கள், அப்புறம் நாவல். வரிசை மாறினால் அந்த அம்மாவின் அருமை தெரியாது.