கறுப்பு என்றொரு பாறை

உடம்பை வளைக்கப் பிடிக்காதவனுக்குத்தான் கம்ப்யூட்டர் மேல் அளவுகடந்த பக்தி. அந்தப் பக்தியில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இல்லாவிட்டால் சேலம், நாமக்கல் மாவட்டங்களின் அச்சிட்ட பாறை வரைபடத்தை ஸ்கேன் செய்து, போனில் எந்த ஊரைத் தொட்டாலும் ‘இங்கே இன்ன பாறை’ என்று காட்டும்படி மாற்றித் தருகிறேன் என்று திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் ஓனர் அண்ணன் ஒருவரிடம் ஒப்புக்கொண்டிருப்பேனா? அதோடு விட்டிருக்கலாம். “நாளைக்குக் காலையில வாங்கிக்குங்க” என்று வேறு சொல்லிவைத்தேன்.

மவுஸைப் பிடித்து எல்லைக் கோடுகளை ஒவ்வொன்றாக வரைந்தால் நாலைந்து நாளில் முடிகிற வேலைதான். ஆனால் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ‘பாலிகனைஸ்’ என்று ஒரு வசதி இருக்கிறது. ஒரே நிறத்தில் ஒட்டிக் கிடக்கும் கட்டங்களை எல்லாம் சேர்த்து, சுற்றிலும் வேலி போட்டுத் தந்துவிடும். பட்டனைத் தட்டினேன். சங்ககிரி மட்டும் ஆயிரக்கணக்கான துண்டாகச் சிதறியது. அதற்குப் பிறகு லேப்டாப் அசையவே இல்லை.

வரைபடத்தின் குறிப்புப் பட்டியலில் என் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு டஜன் நிறம். கம்ப்யூட்டர் கணக்கே வேறு. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 0 முதல் 255 வரை அளவு வைத்து, மொத்தம் 1,67,77,216 நிறம் அதற்குத் தெரியும். அச்சில் வெளிர் ரோஸ் என்று நாம் பார்ப்பது கிட்டத்தில் போனால் வெறும் புள்ளிக் கூட்டம். அதை ஜேபெக்காகச் சேமித்தால் இரண்டு நிறம் சந்திக்கும் ஓரமெல்லாம் கலங்கி, எந்தப் பாறைக்கும் சொந்தமில்லாத புது நிறங்கள் முளைத்துவிடும். இதையெல்லாம் லேப்டாப் தொங்கிய பிறகுதான் படித்தேன்.

நிறங்களைக் குறைக்க ‘கே-மீன்ஸ்’ என்று ஒரு முறை உண்டு. எத்தனை குழு வேண்டும் என்று சொல்லிவிட்டால், அக்கம்பக்கத்து நிறங்களை அதுவே வகை பிரிக்கும். பட்டியலில் இருந்த பாறைகளை எண்ணிக் கொடுத்தேன். எழுத்தின் கறுப்பு, ஆற்றின் நீலம், காகிதத்தின் வெள்ளை இவையும் நிறம்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை. அவை மூன்றும் முன்வரிசையில் இடம்பிடித்துக்கொள்ள, இடம் பற்றாமல் வெளிர் ரோஸ் பாறையும் வெளிர் ஆரஞ்சுப் பாறையும் ஒன்றாகிப்போயின. அதை அப்படியே அண்ணனுக்கு அனுப்பிவைத்தேன்.

“ஏனுங்க தம்பி, சேலத்துல அஞ்சு எடத்துல ‘கறுப்பு’ன்னு ஒரு பாறை காட்டுதே, அதென்னங்க?”

சேலம் என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்த ஐந்து எழுத்துகள்தான் அது. இரண்டாம் எழுத்தின் வயிற்றுக்குள் தனியாக ஒரு குட்டிப் பாறை வேறு. “அது ஒரு மாதிரி சார்னோகைட்டுங்க” என்றேன். சேர்வராயன் மலையும் கொல்லிமலையும் சார்னோகைட்தானே, ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு துணிச்சல்.

அடுத்த கூத்துக்குக் காரணம் காகிதத்தின் மடிப்பு. ஸ்கேனில் அந்த மடிப்பு சாம்பல் கோடாக விழுந்து, மல்லூர் பக்கத்திலிருந்து கிழக்கே நேராக ஓடியது. மென்பொருளும் அதற்கு ஒரு நீளமான எல்லை போட்டுத் தந்தது. சேலம்–ஆத்தூர் வழியாகப் பாறைகள் நசுங்கி நகர்ந்த பெரிய பிளவு மண்டலம் ஒன்று இருப்பதாக எங்கோ படித்த ஞாபகம். இதுதான் அது என்று அடித்துச் சொன்னேன். கெட்டிப் பாறையில் வெடிப்பு இருந்தால்தான் தண்ணீர் நிற்கும், ஆகவே இந்தக் கோட்டின் மேலேயே போர் போடலாம் என்று வகுப்பும் எடுத்தேன். பிட்டும் ஹேமரும் இறக்கி, மேலே வரும் கல்தூளின் நிறத்தைப் பார்த்தே கீழே என்ன என்று சொல்லிவிடுகிற மனிதர் அவர். முழுக்கக் கேட்டுவிட்டு, “அந்தப் பக்கம் நாலு போர் போட்டனுங்க தம்பி. நாலுலயும் தண்ணி இல்லீங்க, புகைதான் வந்துச்சு” என்றார். பிளவு மண்டலம் இருப்பது உண்மை. என் கோடு காகிதத்தில் இருந்தது.

இனி பொடித் துண்டு ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று ஆத்திரம் வந்தது. ‘சீவ்’ என்று ஒரு சல்லடை இருக்கிறது. நாம் சொல்கிற அளவுக்குச் சிறிய துண்டுகளைப் பக்கத்துப் பாறையோடு கரைத்துவிடும். அளவைத் தாராளமாக வைத்தேன். எழுத்துகள் ஒழிந்தன. வரைபடமும் கண்ணுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. சித்தம்பூண்டிதான் காணோம். நாமக்கல் மாவட்டத்தில் ஒல்லியாக வளைந்து கிடக்கும் அனார்த்தோசைட் பட்டை அது. நிலவின் மேட்டுநிலப் பாறையோடு ஒத்துப்போகிறது என்று, 2019-ல் போன சந்திரயான்-2-ன் சோதனைக்காக நிலவு மண் செய்ய இஸ்ரோ தேடிவந்து எடுத்துப்போன பாறை. அதை நான் நைஸ் பாறைக்குள் கரைத்துவிட்டிருந்தேன். கஞ்சமலையின் இரும்புத்தாதுப் பட்டைகளும் அதே வழியில் போயிருந்தன. வெள்ளைக்கல் எடுக்கும் குன்றுகள் மட்டும் எப்படியோ அரைகுறையாகப் பிழைத்துக் கிடந்தன.

எல்லைகள் எல்லாம் படிக்கட்டு மாதிரி இருக்கிறதே என்று அவற்றை நேராக்கப் போனதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பாறையையும் தனித்தனியாக நேராக்கினேன். பக்கத்துப் பக்கத்துப் பாறைக்குப் பொது எல்லை ஒன்றுதான், அதை ஒரே கோடாக வைத்துத்தான் நேராக்க வேண்டும் என்பது தெரியாது. நடுநடுவே இடுக்கு விழுந்து, பாறையே இல்லாத நிலம் இரண்டு மாவட்டத்திலும் கீற்றுக் கீற்றாக உண்டாகிவிட்டது.

நிலவியலாளர்கள் வில்லியம் கிங்கும் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் அந்தக் காலத்தில் சுத்தியலோடு இந்த வட்டாரமெல்லாம் சுற்றி, சேலம் உள்ளிட்ட மாவட்டங்களின் பாறை அமைப்பை 1864-ல் எழுதி வெளியிட்டவர்கள். எனக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடி மவுஸை நகர்த்தவே கை வலிக்கிறது. கடைசியில் சித்தம்பூண்டியை மட்டுமாவது கையால் வரைந்துவிடலாம் என்று உட்கார்ந்தபோது, ஜியாலஜி படிக்கும் மாமா பையன் எட்டிப் பார்த்தான்.

“மச்சான், இது ஜிஎஸ்ஐ-யோட, அதான் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையோட, பூகோஷ் தளத்துல ஷேப் ஃபைலாவே கெடைக்குமே. லாகின் பண்ணி எறக்கிக்கலாம்.”

“தெரியும்டா. கத்துக்கறதுக்காகச் செய்யறேன்” என்றேன். அவன் தூங்கப் போகும்வரை மவுஸை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருந்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு இறக்கினேன். என்னுடைய கோப்பின் பெயரையே அதற்கும் வைத்து அண்ணனுக்கு அனுப்பினேன்.

விடிந்ததும் போன் வந்தது. “இப்பத்தானுங்க தம்பி சரியா இருக்குது. ராத்திரியெல்லாம் முழிச்சு உக்காந்து வரைஞ்சிருப்பீங்க போல.”

“ஆமாங்ண்ணா” என்றேன்.