‘இப்ப என்ன ஓடுது?’ என்னும் வினா குறித்து ஓர் ஆராய்ச்சி

திருச்சிராப்பள்ளியில் நாங்கள் முன்பு குடியிருந்த தெருவின் முனையில், தையற்கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவே, எட்டடி அகலத்தில் ஒரு லெண்டிங் லைப்ரரி இருந்தது. மாலை ஐந்தரை மணிக்கு மேல், ஆபீஸ் விட்டு வருகிற பெண்மணிகளும், அரைக்கக் கொடுத்த கோதுமைக்காகக் காத்திருக்கிற பெண்மணிகளும் அதன் வாசலில் ஒன்றுகூடி, க்ஷேம லாபங்களை விசாரிப்பதற்கும் முன்னதாகவே, “இப்ப என்ன ஓடுது?” என்று பரஸ்பரம் கேட்டுக்கொள்வதை, மனைவியின் புத்தகப் பையைச் சுமந்துகொண்டு ஓரமாக நின்ற நான் ஏறக்குறையப் பதினோராண்டுக் காலம் செவிமடுத்து வந்தேன். ஊருக்குப் புதியவர் எவரும் இதனைச் சினிமாக் கொட்டகை பற்றிய விசாரணை என்றே கொள்வர். அஃதன்று. ஓடுவது, வினவப்படுகிறவரின் கைப்பையில், பஸ் டிக்கெட்டு ஒன்றை நடுவே அடையாளமாகச் செருகிக்கொண்டு, பாதி படித்த நிலையில் கிடக்கும் காதல் நவீனம். எழுத்துக்கும் சொல்லுக்கும் பொருளுக்கும் அடுக்கடுக்காக உரை கண்ட நம் முன்னோர், இவ்வினாவுக்கும் இதற்கு இறுக்கப்படும் விடைக்கும் தனியியல் ஏதும் வகுக்காமற் போனது பெரும் குறையே. வேறு உத்தியோகம் இல்லாமையால் அதனை நிரப்பும் பொறுப்பு அடியேன் மீது விழுந்தது.

முதற்கண் கவனிக்கத்தக்க விஷயம், இவ்வினாவுக்கு விடையாக நூலின் பெயரை எவரும் சொல்வதில்லை என்பது. பிரத்தியட்சமாக நான் கேட்டு, வீடு சேர்ந்ததும் குறித்துவைத்த சம்பாஷணை ஒன்றைச் சான்றாகத் தருகிறேன்:

“இப்ப என்னக்கா ஓடுது?”

“அதான்டி, தம்பி செத்ததுக்கு இவதான் காரணம்னு நெனச்சு, பழி வாங்கணும்னே கட்டிக்குவானே, அது.”

“எஸ்டேட்டா?”

“எஸ்டேட் இல்லடி, மில்லு.”

“ஓ! அவளுக்குக் காய்ச்சல் வருமே!”

“இன்னும் வரல. நீ சொல்லித் தொலைக்காதே.”

நூற்பெயர் இல்லை, ஆசிரியர் பெயர் இல்லை, பதிப்பகத்தின் விலாசம் இல்லை. ஆயினும் அலமாரிகளில் அடுக்கியிருந்த நூற்றுக்கணக்கான நவீனங்களுள் இன்னதுதான் என்று ஐயம் திரிபற உணர்ந்துகொள்ள, இவ்விரு மாதர்க்கும் அரை நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை. (இங்கே ‘மில்லு’ என்பது பக்கத்து மாவு மில்லையும் குறியாது, ‘மில்ஸ் அண்ட் பூன்’ என்னும் லண்டன் கம்பெனியையும் குறியாது, நாயகனுக்குச் சொந்தமான பஞ்சாலையைக் குறிக்கும். இதனை அறியாமல் முதல் ஈராண்டுகள் நான் பல தவறான முடிவுகளுக்கு வந்ததை ஒப்புக்கொள்கிறேன்.) சீர்காழியில் 1892-இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக விளங்கி, 1933-இல் முக்காற்புள்ளிப் பகுப்பு முறையை உலகுக்கு அளித்த எஸ். ஆர். ரங்கநாதன், எந்த நூலையும் ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்னும் ஐந்து முகங்களால் அளந்து அதனதன் இடத்தில் வைத்துவிடலாம் என்று நிறுவினார். எங்கள் தெருமுனைப் பெண்மணிகளோ ஐந்தை மூன்றாகச் சுருக்கிவிட்டனர்: கல்யாணத்தின் காரணம், நாயகனின் சொத்து, நாயகிக்கு வரும் நோய். ரங்கநாதன் முறைப்படி இடையிடையே முக்காற்புள்ளி இட்டு எழுதினால் மேற்படி நூலின் இலக்கம் ‘பழி : பஞ்சாலை : காய்ச்சல்’ என்று அமையும். இவ்விலக்கத்தைக் கொண்டு நானே ஒருமுறை அலமாரியில் தேடிப் பார்த்தேன். மூன்று நூல்கள் அகப்பட்டன. மூன்றையும் காட்டியபோது, இரண்டு ‘டைஃபாய்டு’ என்று சொல்லித் தள்ளுபடி செய்துவிட்டாள் என் மனைவி.

நூற்பெயரை மறப்பது ஞாபகக் குறைவால் அன்று என்பதே என் துணிபு. அகத்திணைக்குரிய தலைமக்களைப் பெயர் சுட்டிச் சொல்லலாகாது என்பது தொல்காப்பியர் விதித்த வரம்பு. பெயர் வந்துவிட்டால் பாட்டு புறத்திணைக்குப் போய்விடும். தலைவன், தலைவி, தோழி, செவிலி என்றே நிற்கவேண்டும். அவ்வரம்பை எங்கள் தெருவினர் எவரும் படித்ததில்லை, படிக்காமலே அனுசரித்தனர். ‘அவன்’, ‘அவள்’, ‘அந்தப் பாட்டி’, ‘அந்த ஆகாத சித்தி’ என்று வழங்கினார்களேயன்றி, சுரேஷ் என்றோ வித்யா என்றோ அவர்கள் வாயால் நான் கேட்டதே இல்லை. ஒரே ஒரு பெயர் மாத்திரம் தடையின்றிப் புழங்கிற்று. அதுவும் இரண்டு எழுத்தாகச் சுருங்கிப் புழங்கிற்று. ‘ஆர்.சி.’ என்றால் ரமணிசந்திரன். 1938-இல் பிறந்து, நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நவீனங்களை எழுதிய அவ்வம்மையாரின் நூல்கள் நிற்கும் அலமாரிக்கு எதிரேயிருந்த சிமெண்டுத் தரை மாத்திரம் வழவழப்பாகத் தேய்ந்திருந்தது என்பதைத் தொல்பொருள் ஆராய்ச்சியாளர் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

இனி, இலக்கண நூலாரைச் சற்றே சங்கடத்தில் ஆழ்த்தக்கூடிய ஒரு விஷயம். இறையனார் அகப்பொருள் அறுபது சூத்திரங்களால் ஆயது. அவற்றுள் முதல் முப்பத்துமூன்றும் களவைப் பேசும், எஞ்சிய இருபத்தேழும் கற்பைப் பேசும். அதாவது, முன்னே மறைவில் காதல், பின்னே ஊரறியக் கல்யாணம் என்பது நெறி. நான் செவிமடுத்த நவீனங்களிலோ, பெரும்பாலும் தாலி முதல் ஐம்பது பக்கத்துக்குள் ஏறிவிடுகிறது. ஏறிய பிறகு, ஒரே வீட்டில், ஒரே மாடியில், ஒரு கட்டிலும் ஒரு சோபாவுமாகப் பிரிந்து கிடந்து, ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்து, இருமலுக்கு மிளகுப் பால் கொடுத்து, கொடுத்தவள் யார் என்பதைத் தெரியாதவன்போல் குடித்து, இருநூறு பக்கம் கழித்தே காதல் உண்டாகிறது. கற்பின் பின் களவு! கைப்பிடித்த மனைவியையே களவொழுக்கத்தில் காதலிக்கும் இப்புதுமையைத் தொல்காப்பியரும் கண்டிலர், இறையனாராகிய சிவபெருமானும் கண்டிலர். பெண் வீட்டை விட்டு வெளியே சென்று காதலிக்கும் சௌகரியம் குன்றிய ஒரு சமூகம், காதலை வீட்டுக்குள்ளேயே வரவழைத்துக்கொள்ள இவ்வுபாயத்தைக் கண்டது என்பது என் அனுமானம். இதனை ஒரு நாள் மனைவியிடம் பிரஸ்தாபித்தபோது, அவள் கீரை ஆய்ந்துகொண்டே, “இதுக்கா பதினோரு வருஷம் பை தூக்கினீங்க?” என்றாள்.

கதை வாசிப்பை ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொள்ளும் இவ்வழக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1925-இல் ஜகன்மோகினிப் பத்திரிகையை விலைக்கு வாங்கி நடத்தி, நூற்றுப்பதினைந்து நவீனங்களை எழுதிய வை. மு. கோதைநாயகி அம்மாள், கதை சொல்வதில் மகா சமர்த்தராக இருந்தும் எழுதப் பழகாதிருந்த தொடக்க நாளில், தம் முதல் நாடகத்தை வாயால் சொல்லச் சொல்ல, தோழி ஒருவர்தாம் எழுதித் தந்தார். ஆகவே, தமிழ்ப் பெண் ஒருத்தி சொல்ல மற்றொருத்தி கேட்கும் கதை, அச்சாபீசுக்குப் போவதற்கு முன்பே இவ்விருவருக்கிடையில் ஓடியிருக்கிறது. அகத்திணையில் தோழி இல்லாமல் ஒன்றும் நடவாது என்பதை நாம் அறிவோம். குறியிடம் சொல்வதும், தாயின் கண்ணை மறைப்பதும், கடைசியில் அறத்தொடு நிற்பதும் அவளே. லெண்டிங் லைப்ரரித் தோழியும் அவ்வாறே ‘அது இன்னிக்குத் திரும்பி வருது, ஆறு மணிக்குள்ள வந்துடு’ என்று குறியிடம் சொல்கிறாள். அட்டையில் நாயகன் நாயகியின் தோளைத் தொடும் படத்தை மாமியார் காணாதபடி, பழைய காலண்டர்த் தாளில் உறை போட்டுத் தருகிறாள். ஒருத்தி மற்றொருத்தியிடம் கண்ணால் மாத்திரம் ‘நல்லாருக்கு’ என்று அறிவிப்பது அம்பல்; மறுநாள் நால்வர் அதே நூலுக்குக் கை நீட்டுவது அலர். அம்பலும் அலரும் களவை வெளிப்படுத்திக் கல்யாணத்தில் கொண்டுபோய் விடுவதுபோல, இங்கே நூலைக் கந்தலாக்கிப் பைண்டிங்கில் கொண்டுபோய் விடுகின்றன.

பைண்டு செய்த பிரதிகளில்தான் இவ்வாராய்ச்சிக்குரிய சாசனங்கள் கிடைக்கின்றன. ஏற்கெனவே படித்துவிட்டதை அறிந்துகொள்ளும்பொருட்டு ஒவ்வொரு வாசகியும் தனக்கென ஒரு முத்திரை வைத்திருந்தாள். ஒருத்தி பதினேழாம் பக்கத்து எண்ணைச் சுற்றி வட்டமிட்டாள், ஒருத்தி கடைசிப் பக்கத்தில் சிறு நட்சத்திரம் போட்டாள், மற்றொருத்தி அட்டையில் இருந்த நாயகிக்கு மூக்குத்தி வரைந்தாள். ஓரங்களில் பென்சிலால் பொறித்த வாசகங்கள் தனி. ‘இவன் மனுஷனா?’ என்று ஒரு கை எழுத, அதன் கீழ் வேறொரு கை, ‘110-ஆம் பக்கம் பாருங்கள்’ என்று சமாதானம் கூற, அதற்கும் கீழே மூன்றாவது கை, ‘பார்த்தேன். அப்பவும் மன்னிக்க முடியாது’ என்று தீர்ப்பளித்திருந்தது. ஒருவரையொருவர் ஒருகாலும் கண்டிராத மூவர், ஒரே பக்கத்தின் ஓரத்தில் மூலம், உரை, மறுப்புரை ஆகிய மூன்றையும் எழுதி முடித்துவிட்டனர். பண்டிதர் உலகில் இதற்கு மூன்று தலைமுறை பிடிக்கும்.

விமரிசனத்தின் தராதரம் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டும், ஏனெனில் இதில்தான் படித்தவர்கள் மிகவும் இடறுகிறார்கள். எங்கள் தெருமுனையில் நூலொன்றின் உயர்வைச் சொல்லும் பிரயோகங்கள் ஏறுவரிசையில் நான்கே: ‘பரவாயில்ல’, ‘நல்லாருக்கு’, ‘சோறு வைக்க மறந்துட்டேன்’, ‘அழுதுட்டேன்’. நான்காவதற்கு அப்பால் பாஷை இல்லை. இதனை எளிய ரசனை என்று இகழ்வார், இறையனார் அகப்பொருளுக்கு உரை நிச்சயமான ஐதீகத்தை மறந்தவராவர். பாண்டி நாட்டில் பன்னீராண்டு பஞ்சம் நீங்கிய பின், பொருளிலக்கணம் வல்லார் ஒருவரும் இல்லாமை கண்டு ஆலவாய்ப் பெருமான் செப்பேட்டில் அறுபது சூத்திரம் எழுதி அளிக்க, சங்கப் புலவர் ஆளுக்கோர் உரை செய்து, எவருரை மெய்யுரை என்று வழக்காடினர். வழக்கைத் தீர்க்க அமர்த்தப்பட்டவன் உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயதுப் பிள்ளை, அதிலும் பேசாத பிள்ளை. மற்றவர் உரை சொன்னபோதெல்லாம் வாளா இருந்த அப்பிள்ளை, மருதன் இளநாகனார் உரைக்குச் சில இடங்களில் கண்ணீர் வார்த்து மயிர் சிலிர்த்தான். நக்கீரர் உரைக்குப் பதந்தோறும் கண்ணீர் வார்த்தான். அதுவே மெய்யுரை என்று சங்கம் ஒப்பியது. காதல் பற்றிய நூல் ஒன்றைச் சங்கமே ‘அழுதுட்டேன்’ என்பதை அளவுகோலாகக் கொண்டு ஏற்றிருக்க, அரைத்த கோதுமை ஆறிக்கொண்டிருக்கும்போது கைக்குட்டையை எடுக்கிற பெண்மணியைக் குறைசொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

முடிவு முன்னரே தெரிந்த கதையில் என்ன சுவாரசியம் என்பது மற்றோர் ஆட்சேபம். அமெரிக்கப் பேராசிரியை ஜானிஸ் ராட்வே, ஸ்மித்டன் என்று தாம் புனைபெயர் சூட்டிய ஓர் ஊரின் காதல் நவீன வாசகியரிடம் நேரில் விசாரித்து, 1984-இல் ஒரு முழு நூலே வெளியிட்டார். அவ்வூர்ப் பெண்களும், இருவரும் சேருகிறார்களா என்பதைக் கடைசிப் பக்கத்தில் முதலில் உறுதிசெய்துகொண்டே படிக்கப் புகுவதுண்டாம். கடல் கடந்தும் சாஸ்திரம் ஒன்றாகவே இருப்பது மகிழ்ச்சி தருகிறது. எங்கள் கடையில் கடைசித் தாள் கிழிந்த பிரதிக்கு வாடகை பாதி. அதையும் எவரும் எடுப்பதில்லை. ‘எல்லாம் ஒரே கதைதானே’ என்னும் பழைய வசைக்கு விரிவான மறுப்பு வேண்டியதில்லை. நற்றிணையில் நானூறு, குறுந்தொகையில் நானூற்றொன்று, அகநானூற்றில் நானூறு என்று தலைவன் பிரிந்தான், தலைவி வாடினாள், தோழி ஆற்றுவித்தாள் என்பதே திரும்பத் திரும்ப வருவதை மேடைதோறும் வியந்து பேசுகிற பெரியோர், இங்கே மாத்திரம் முகம் சுளிப்பது அழகன்று.

என் ஆராய்ச்சிக்கு முற்றுப்புள்ளி வைத்தவர், மாவு மில்லில் எப்போதும் ஐந்து கிலோ டின்னுடன் நிற்கும் வயோதிக அம்மையார் ஒருவர். ஒரு மாலை, மேற்கோள் சரிபார்க்கும்பொருட்டு இறையனார் அகப்பொருளை நக்கீரர் உரையோடு கையில் வைத்துக்கொண்டு நான் வழக்கமான ஓரத்தில் நின்றபோது, அவர் என்னை ஏறிட்டுப் பார்த்து, “சாருக்கு இப்ப என்ன ஓடுது?” என்று கேட்டார். பதினோராண்டில் அவ்வினா என்னை நோக்கி வந்தது அதுவே முதன்முறை. பரவசத்தில், பயின்றதெல்லாம் மறந்து, நூலின் பெயரைச் சொல்லிவிட்டேன். அம்மையார் அதனைக் காதில் வாங்கவேயில்லை.

“அது கெடக்கட்டும் சார். கதை என்ன?”

“ஒருத்தனும் ஒருத்தியும் ஒரு சோலையில தற்செயலாச் சந்திக்கிறாங்கம்மா. தோழி ஒத்தாசை பண்றா. அம்மாக்காரி சந்தேகப்பட்டு வீட்டோட அடைச்சு வைக்கிறா.”

“கல்யாணம்?”

“பாதிக்கு மேல ஆகுது.”

“அப்புறம் அவன் வெளியூர் போயிடுவான், இவ இங்க எளைச்சுப் போவா. திரும்பி வந்தா, வேறொருத்தியைச் சொல்லி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவா.”

“ஆமாம்மா!”

“கடைசியில சேர்ந்துடுவாங்க.”

“சேர்ந்துடுவாங்க.”

டின்னை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, “இத நான் படிச்சுட்டேன் சார்,” என்றார் அம்மையார். “எஸ்டேட்தானே?”

புணர்தலுக்கு உரிய நிலம் மலையும் மலை சார்ந்த இடமும் என்பதை ஒருகணம் எண்ணிப் பார்த்து, ஆமாம், எஸ்டேட்தான் என்றேன்.