நாலு ஓரம்

1980களில் ராஜபாளையத்தில் எங்கள் தெருப் பையன்களுக்குத் தீப்பெட்டிப் படம்தான் காசு. வட்டம் போட்டு, நடுவில் படங்களை அடுக்கி, சில்லால் அடிப்போம். வெளியே விழுந்ததெல்லாம் அடித்தவனுக்கு. தேய்ந்த படத்துக்கு மதிப்புக் குறைவு, கோணல் படத்துக்கு அதைவிடக் குறைவு. சுற்றியுள்ள வெள்ளை ஓரம் ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் ஒடுங்கியும் இருந்தால் அது கோணல். இரண்டு கோணல் கொடுத்தால்தான் ஒரு நேர் கிடைக்கும்.

என் மாமா ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். தினமும் பஸ் ஏறி சிவகாசி போய், ஓர் அச்சகத்தில் கட்டிங் மெஷினில் நின்றார். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுவந்து 1923இல் தீப்பெட்டி செய்யத் தொடங்கிய ஊர் அது. பெட்டிக்குப் படம் வேண்டும், படத்துக்கு அச்சு வேண்டும் என்று ஒன்றை ஒன்று வளர்த்தன.

ஒரு லீவில் என்னிடம் இருந்த புலிப் படம் கோணல். அகன்ற ஓரத்தைக் கத்தரியால் நறுக்கி, நாலு பக்கமும் சமமாக்கி மாமாவிடம் நீட்டினேன். அவர் அதே புலியின் இன்னொரு படத்தை எடுத்து அதன்மேல் வைத்தார். என்னுடையது அரை நூல் சின்னதாக இருந்தது.

“வெட்டினா நேராகாது மாப்ளே, சின்னதாகும்” என்றார்.

பிறகு கோணல் எங்கே பிறக்கிறது என்று சொன்னார். தாளின் எந்த ஓரத்தை அணைத்து அச்சடித்தார்களோ, அதே ஓரத்தை அணைத்துத்தான் வெட்ட வேண்டும். கட்டு சரியாக அழுந்தாவிட்டால் கத்தி இறங்கும்போது தாள்கள் நழுவும். மேல்தாளும் அடித்தாளும் ஒரே அளவில் இராது. அதனால் அவர் ஒவ்வொரு கட்டிலும் மேலே ஒன்று, அடியில் ஒன்று உருவிப் பார்ப்பார். பார்க்கும்போது படத்தைத் தலைகீழாகத் திருப்பிக்கொள்வார். நேராக வைத்தால் கண் புலியைப் பார்க்கும், திருப்பினால்தான் ஓரத்தைப் பார்க்கும் என்பார். ஓரம் பிசகியிருந்தால் மெஷினை நிறுத்திவிடுவார்.

இப்போது என் தங்கச்சி மகன் ராஜபாளையத்தில் போக்கிமான் அட்டை சேர்க்கிறான். 63க்கு 88 மில்லிமீட்டர் அட்டை. கண்ணாடி ஸ்கேல் வைத்து இடது ஓரம் 3, வலது ஓரம் 2 என்று அளந்து, “60க்கு 40 மாமா, 10 கிடைக்காது” என்று ஒதுக்கினான். அமெரிக்காவின் பி.எஸ்.ஏ. நிறுவனம் அட்டைகளுக்கு 1 முதல் 10 வரை தரம் போடுகிறது. 10 வாங்க முன்பக்கம் ஏறக்குறைய 55க்கு 45க்குள் இருக்க வேண்டும். பின்பக்கத்துக்கு 75க்கு 25 வரை பொறுப்பார்கள். அவன் அட்டையில் 2.75ம் 2.25ம் இருந்தால் போதும். இடையில் நிற்பது கால் மில்லிமீட்டர்.

நான் புலிக் கதையைச் சொன்னேன். கூடவே ஹோனஸ் வாக்னர் கதையையும். 1909 வாக்கில் அமெரிக்காவில் சிகரெட் பெட்டிக்குள் வைத்த பேஸ்பால் வீரரின் அட்டை அது. பி.எஸ்.ஏ. முதன்முதலில் தரம் போட்ட அட்டையும் அதுதான், 10க்கு 8. பல லட்சம் டாலருக்குக் கைமாறிய அந்த அட்டையின் ஓரங்களைத் தானே வெட்டியதாக அதை முன்பு விற்றவர் 2013இல் ஒப்புக்கொண்டார். நான் சிறுவனாகச் செய்ததை அவர் வளர்ந்தபின் செய்திருந்தார்.

பையன் ஒதுக்கிய அட்டையைத் தலைகீழாகத் திருப்பி வெகுநேரம் பார்த்தான். “இதை வெட்டினவங்க மேலயும் அடியிலயும் பார்க்கலையா மாமா?” என்றான்.

எங்கள் காலத்தில் கோணலுக்குப் பதில் சொல்ல ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருவர் இருந்தார். இன்று கோணலுக்கு எண் இருக்கிறது, விலை இருக்கிறது. நேரானது வாய்த்தால் அதிர்ஷ்டம் என்கிறார்கள். அது அதிர்ஷ்டம் இல்லை. எங்கோ ஒருவர் மெஷினை நிறுத்திப் பார்த்த பலன். அதை அவனுக்குச் சொல்லிவிட்டு, அரை நூல் குறைந்த அந்தப் புலியையும் அவன் ஆல்பத்தில் வைக்கக் கொடுத்தேன்.