தொண்ணூற்றாறோடு நின்ற அண்ணன்

புதுக்கோட்டைப் பக்கம் மாடு பிடிக்கப் போகிறவர்கள் முதலில் சுழியைப் பார்ப்பார்கள், அப்புறம் பல்லை. நம் அண்ணன் யமஹா ஆர்எக்ஸ் 100-ஐப் பார்ப்பதும் அப்படித்தான். குனிந்து எஞ்சின் நம்பரைத் தடவுவார். கிக்கரில் ஒரு மிதி. சைலன்சர் வாயில் விரலை விட்டு, ஒட்டிய கரியை முகர்ந்து பார்ப்பார். "நாட்டு வண்டிதான்" என்றால் தேறியது. "கலப்பு" என்று சொல்லிவிட்டால், விற்க வந்தவர் டீயைக்கூடக் குடிக்காமல் கிளம்ப வேண்டியதுதான்.

1985-இல் எஸ்கார்ட்ஸ் கொண்டுவந்து, 1996-இல் நின்றுபோன வண்டி. 98 சிசி, 11 குதிரைத்திறன். அதை அண்ணன் கம்பெனி கொடுத்தபடியே காப்பாற்றி வருகிறார் என்று நினைத்தால் தப்பு. அவர் கை படாத இடம் பெட்ரோல் டேங்க் மூடி மட்டும்தான். ஆனால் கை வைக்க ஓர் ஆசாரம் உண்டு: 1996-க்கு முன்னால் பட்டறையில் என்ன செய்தார்களோ, அதை மட்டும் செய்யலாம். அமெரிக்காவில் 1964 போன்டியாக் ஜிடிஓ போன்ற மசில் கார் வைத்திருப்பவர்களிலும் இப்படி ஆசாரக்காரர்கள் இருக்கிறார்கள். அந்தக் காலத்துக் கடையில் கிடைத்த கார்புரேட்டரைத்தான் மாட்டுவார்கள். அண்ணனுக்கு அவர்களைத் தெரியாது; தெரிந்திருந்தால் சம்பந்தம் பேசியிருப்பார்.

ஆகவே சிலிண்டர் போர்ட்டை அரம் வைத்து ராவலாம். ஹெட்டை லேத்தில் கொடுத்துக் கடையலாம். ஆயில் பம்பைக் கழற்றி எறிந்துவிட்டு, பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்றலாம். டிஸ்க் பிரேக்?

"எதுக்குத் தம்பி? நிக்கிறதுக்கா வண்டி வாங்குனோம்?"

1987-இல் இதே போர்ட்டை ராவியதற்காக அண்ணனை அவர் அப்பா தெரு முழுக்க விரட்டினார். "புது வண்டியைக் கெடுத்துட்டியேடா" என்றார். இப்போது அந்தக் கெடுதலுக்குப் பெயர் பாரம்பரியம்.

புகை வெளியேறும் வாசலை உயர்த்தினால் உச்ச வேகத்தில் வண்டி சீறும். கீழே இழுவை செத்துவிடும். திருச்சி ரோட்டில் கீரனூர் தாண்டிவிட்டால் அண்ணன் தொண்டைமான் மகாராஜா. கீழராஜ வீதி நெரிசலில், பின்னால் அக்காவும் ஒரு அரிசி மூட்டையும் இருக்கையில், வண்டி இருமும், முக்கும், நின்றுபோகும். அண்ணன் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து, "பாரு, கறுத்திருக்கு. காபிக் கலர்ல வரணும்" என்று பாடம் எடுப்பார். அக்கா அதற்குள் டவுன் பஸ்ஸில் ஏறியிருப்பார். மூட்டை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.

சத்தத்துக்காக ஒருமுறை போலீஸ் மறித்தது. வண்டியில் இஷ்டத்துக்கு மாற்றம் செய்யக்கூடாது, மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு என்றார்கள். "அது 1988 சட்டம் சார். நான் ராவுனது 87-ல" என்றார் அண்ணன். அபராதத்தை மட்டும் இந்த வருஷத்து ரேட்டில் கட்டிவிட்டு வந்தார்.

போன மாதம் திருக்கோகர்ணம் பக்கம் வண்டி ஒரேயடியாகப் படுத்துவிட்டது. மாற்றுப் பிளக்கும் கைகொடுக்கவில்லை. எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில் வந்த கல்லூரிப் பையன் ஒருவன், "ஏறி உக்காருங்கண்ணே" என்று ஆர்எக்ஸின் ஃபுட்ரெஸ்டில் காலை வைத்துத் தள்ளத் தொடங்கினான். சத்தமில்லாத வண்டி, சத்தம் போன வண்டியைத் தள்ளிக்கொண்டு போனது. டீக்கடையில் இருந்த நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தோம்.

அண்ணன் எங்களைப் பார்த்துக் கத்திக்கொண்டே போனார்: "கால் வச்சுத் தள்ளுறது அப்பவே உண்டுடா!"