பறக்கத் தெரிஞ்சவளுக்குப் பரிமாறுத வேலை

எலேய் பேராண்டி, கையில என்னடே நோட்டீசு? ஏர் ஹோஸ்டஸ் பயிற்சியா? சிரிக்க ஒரு வகுப்பு, நடக்க ஒரு வகுப்பு, உதட்டுக்குச் சாயம் பூச ஒரு வகுப்பு. அதுக்கு லட்சக்கணக்குல பீசு! கேப்பையில நெய் வடியுதுன்னானாம், நீயும் ஏனத்தத் தூக்கிட்டு நிக்கியே. தங்கச்சியச் சேக்கணுமாக்கும். சேரு, நான் வேண்டாம்னா சொன்னேன்? இந்த வேலைக்கு மொதமொதல்ல போனவ கதையக் கேட்டுட்டுப் போ.

அமெரிக்காவுல எல்லன் சர்ச்னு ஒரு நர்சு. விமானம் ஓட்டப் படிச்சி லைசென்சும் வச்சிருந்தா. போயிங் கம்பெனிக்காரன்கிட்டப் போயி ஓட்டுத வேல கேட்டா. குடுப்பானா? பொம்பளையாச்சே! புள்ள லேசுப்பட்டவ இல்ல. “சரி, நர்சாவாவது ஏத்துங்க. ஒரு பொம்பள பயப்படாமப் பறக்கதப் பாத்தா ஆம்பளையளுக்குப் பயம் தெளியும்”னுட்டா. ஆம்பளைக்கு ரோசம் வந்தாத்தான் டிக்கெட்டு விக்கும்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு பாத்தியா.

அவனும் சரின்னுட்டான். அவ மொதப் பயணம் 1930 மே 15. ஓக்லாந்துல ஏறி சிகாகோ போகணும். பயணிக 14 பேரு, 20 மணி நேரம், வழியில 13 இடத்துல நின்னு நின்னு. நம்ம டவுன் பஸ்சு தேவலாம்.

மொத்தம் எட்டுப் பேர எடுத்தான். எல்லாரும் நர்சு. வயசு 25 தாண்டக் கூடாது. எடை 115 பவுண்டு, அதாவது 52 கிலோவுக்கு மேல போகக் கூடாது. உயரம் அஞ்சடி நாலு இஞ்சுக்குள்ள. கல்யாணம் ஆயிருக்கவே கூடாது. வேலைக்கு ஆள் எடுத்தானா, பொண்ணு பாக்கப் போனானா? சின்ன விமானம், எடையும் உயரமும் பாத்தான்னா அதுல ஒரு ஞாயம் இருக்கு. கல்யாணத்துக்கு என்னடே எடை?

சம்பளம் மாசம் 125 டாலர். செஞ்ச வேலயக் கேளு. பெட்டி தூக்கணும். டிக்கெட்டு பாக்கணும். நாற்காலி தரையோட இறுகியிருக்கான்னு பாக்கணும். வாந்தி எடுக்கவனக் கவனிக்கணும். கோட்டு சூட்டு போட்ட தொரமாரு, கக்கூசுன்னு நெனச்சி வெளிக்கதவத் தொறந்துராமக் காவலும் நிக்கணும். உன் நோட்டீசுல அதுக்கு வகுப்பு உண்டா?

எல்லன் ஒண்ணரை வருசந்தான் பறந்தா. கார் விபத்துல அடிபட்டதோட அந்த வேல முடிஞ்சிட்டு. இப்பம்னா என்ன செய்வாவ? முன்னாள் விமானப் பணிப்பெண்ணுன்னு பேருக்கு முன்னால போட்டுக்கிட்டு, ‘வாழ்க்கையில ஜெயிப்பது எப்படி’ன்னு மைக்கப் புடிச்சிருவாவ. அந்தம்மா மறுபடி படிச்சி ஆஸ்பத்திரி வேலைக்குப் போனா. இரண்டாம் உலகப் போர் வந்ததும் ராணுவ நர்சாப் போயி, காயம்பட்டவுகள விமானத்துல கொண்டாந்து சேத்துப் பதக்கமும் வாங்கினா. 1965ல செத்தா. ஆகாசத்துல இருந்து விழல. 60 வயசுல குதிரை ஏறப் போயி விழுந்தா. நீ ரெண்டு மாடி ஏற லிப்டு தேடுத!

அயோவா மாநிலத்துல கிரெஸ்கோதான் அவ சொந்த ஊரு. அங்க இருக்க விமானத் தளத்துக்கு எல்லன் சர்ச் பேரத்தான் வச்சிருக்காவ. அன்னைக்கு ஓட்ட விடமாட்டோம்னாவ. இன்னைக்கு எந்தக் கொம்பன் ஓட்டிட்டு வந்தாலும், அங்க இறங்கணும்னா அவ பேரு போட்ட எடத்துலதான் இறங்கணும்.